தொழில் வளர்ச்சிக் குழுவின் முதல் கடை

நான் வேலை பார்த்த நகராட்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றுக்கும் அங்கிருந்து பஸ் உண்டு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தொண்ணூறுகளில், இருபத்தாறு வயதில், இளநிலை உதவியாளராக அங்கே சேர்ந்தேன். வீடு திருநின்றவூரில். காலையில் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் பத்து நிமிஷ நடை. ஆபீஸ் வாசலை மிதிக்கும்போதே பாதி நாள் வேலை செய்த களைப்பு இருக்கும்.

எனக்குக் கொடுத்தது உரிமப் பிரிவு. ஊரில் யார் ஓட்டல் வைத்தாலும், மோட்டார் போட்டு மாவு அரைத்தாலும், விறகு விற்றாலும் எங்களிடம் வந்து உரிமம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தின் தலைப்பில் ‘அபாயகரமான மற்றும் அருவருப்பான தொழில்களுக்கான உரிமம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் வார்த்தை. பட்டாசு விற்பவருக்கும் அதே படிவம்தான், இட்லி விற்பவருக்கும் அதே படிவம்தான். சேர்ந்த முதல் வாரமே ஒரு ஓட்டல்காரர் படிவத்தை என் மேஜையில் வைத்து, “என் இட்லி அபாயமா, அருவருப்பா? ரெண்டுல ஒண்ணையாவது அடிச்சிட்டுக் குடுங்கம்மா” என்றார். நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சட்டப்படி இரண்டும் இருக்க வேண்டும் என்றார்.

எங்கள் ஆபீஸ் வளாகத்தில் ஒரு ரோடு ரோலர் நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்பு ஏதோ ஒரு தெருவுக்குச் சாலை போடக் கிளம்பி, கேட்டைத் தாண்டுவதற்குள் நின்றுபோனதாம். அதைத் தள்ளிக்கொண்டு வந்து, புதிதாகக் கட்டியிருந்த தண்ணீர் வரி வசூல் அறையின் வாசலில் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரோலரை நகர்த்த முடியவில்லை, அறையைத் திறக்க முடியவில்லை. ரோலரைக் கழித்துக்கட்ட அனுமதி கேட்ட கோப்பு மேலிடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது.

அந்த ரோலரின் நிழலில்தான், ஆபீஸில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர் வடை சுட்டார். ஏரிக்கரைப் பக்கம் குடிசை. அவருடைய அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். வயல்கள் மனைகளாகிவிட்ட பிறகு இவர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்து ரோலரின் முன் உருளைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். மசால் வடை, மிளகாய் பஜ்ஜி, டீ. வரி கட்ட வருகிறவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள், நாங்கள், எல்லோருக்கும் அவர்தான். எனக்கு அப்போது மூன்றாவது மாதம். வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். காலை பதினொரு மணிக்கு அக்காவின் வடை இரண்டு மட்டும்தான் உள்ளே தங்கியது. டாக்டரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்து, கவுன்சில் வந்தது அந்தச் சமயத்தில்தான். கூட்ட அறையில் நாற்காலிகளை எலி கடித்து வைத்திருந்தது. புதுத் தலைவர் ஒரு பெண்மணி. கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் இருந்து, ஓய்வு பெற்று எங்கள் ஊரில் வீடு கட்டியவர். நிர்வாகத்தை அவர்தான் நடத்துவார் என்று எல்லோரும் நினைத்தோம். மேலாளர் முதல் நாளே அவருக்கு ஒரு தனி நாற்காலி போட்டு வைத்தார். அந்த மனிதர் அதில் ஒரு நாளும் உட்காரவில்லை. மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரோலரின் பின் உருளை மேல் பேப்பரை விரித்துக்கொண்டு, அந்த அம்மாள் வேலை முடித்து வரும்வரை மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார்.

தலைவியின் மனத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விடிந்ததும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறார்கள், பாதிப் பேர் வேலை இல்லை என்று திரும்பி வருகிறார்கள், நம் ஊரிலேயே ஏன் நாலு தொழில் வரக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். யாரிடமும் பதில் இல்லாததால் ‘தொழில் வளர்ச்சிக் குழு’ என்று ஒன்றை அமைத்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் குழுவின் நடவடிக்கைகளை எழுதும் வேலை எனக்கு வந்தது.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் குழு கூடும். நான்கே காலுக்கு அக்கா தட்டில் வடையைக் கொடுத்தனுப்புவார். அதற்குப் பிறகுதான் யோசனைகள் வரும். குழுவில் அதிகம் பேசியவர் ஆறாவது வார்டு உறுப்பினர். பருத்த உடம்பு, வெள்ளை வேட்டி, எதையும் சின்னதாக நினைக்கத் தெரியாத மனசு. விமானம் செய்யும் கம்பெனியை வரவழைக்க வேண்டும் என்றார். அதற்கு ஓடுபாதை வேண்டுமே என்று தலைவி கேட்டார். நம் வார்டில் இடம் இருக்கிறது என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன்.

கடைசியில் தலைவி சொன்னபடி, எஸ்டேட்டில் இருக்கும் சிறு ஆலை முதலாளிகளுக்கு ஒரு கடிதம் தயாரித்தோம். எங்கள் ஊரில் இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், நகராட்சி எல்லா உதவியும் செய்யும், வந்து பாருங்கள் என்று. கட்டுக் கட்டாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது. இரும்புத் தகட்டில் மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு முதலாளி, இன்னொரு கொட்டகை போட இடம் தேடுவதாகவும் இரண்டு வாரத்தில் நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார்.

ஆபீஸே தலைகீழானது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பாதை ஓரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டார்கள். ரோலருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அதற்கும் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர் எட்டுத் தீர்மானங்களை எழுதிக் கொண்டுவந்து வைத்தார். உறுப்பினர்கள் ஒரு கையில் வடையும் ஒரு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது தீர்மானம், வளாகத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவது. வளாகத்தில் இருந்த ஆக்கிரமிப்பு ஒன்றுதான்.

நோட்டீஸை நான்தான் தட்டச்சு செய்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது ஆபீஸ் பியூனின் வேலை. அவர் அன்றைக்கு முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டார். ரோலர் இருபதடி தூரத்தில்தான் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னாம்மா பேப்பரு?” என்றார்.

“நோட்டீஸ்க்கா.”

“படி.”

படித்தேன். ‘ஏழு தினங்களுக்குள் தாமாகவே அகற்றிக்கொள்ளாத பட்சத்தில்’ என்ற இடத்தை வேகமாகப் படித்துக் கடந்தேன். அக்கா வடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டபடி முழுவதையும் கேட்டார்.

“யாரு எய்துனது?”

“நான்தான்க்கா டைப் அடிச்சேன்.”

“வாந்தி எட்த்துகினு கீற பொண்ணு கைல குட்த்து அனுப்பிகீறானுங்க பாரு,” என்றார். “குந்து. ரெண்டு துன்னுட்டு போ.”

தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தின்றேன். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எண்ணெய்க் கையோடு பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார். அந்த நகலைக் கோப்பில் வைத்த மேலாளர், இது ஏன் வெங்காய வாசனை அடிக்கிறது என்று கேட்டார்.

ஏழு நாள்கூட ஆகவில்லை. மறுநாளே அக்கா வரவில்லை. அதற்கு மறுநாள் முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவசர வேலையாக வெளியூர் போவதால் இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

அடுத்த புதன்கிழமை நான்கே காலுக்குத் தட்டு வரவில்லை. பேக்கரி பிஸ்கட்டும் பிளாஸ்க் டீயும் வந்தன. ஆறாவது வார்டு உறுப்பினர் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். யாருக்கும் ஒரு யோசனையும் தோன்றவில்லை. பத்தே நிமிஷத்தில் பேச்சு வற்றிவிட்டது. வெளியே தலைவியின் கணவர் ரோலர் மேல் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“அந்த வடைக்கார அம்மா எங்கே?” என்று தலைவி கேட்டார்.

மேலாளர் எழுந்து நின்று, தீர்மானம் எண் மூன்றின்படி அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது என்றார். என் நோட்டைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. தலைவியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு.

தலைவி அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, இந்தக் குழு ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தனை பேருக்கு வேலை குடுத்திருக்கோம்?”

“இதுவரைக்கும் யாருக்கும் இல்லீங்க மேடம்.”

“எத்தனை பேரோட வேலையை எடுத்திருக்கோம்?”

“ஒருத்தர்.”

அதோடு கூட்டம் முடிந்தது. நடவடிக்கைப் புத்தகத்தில் அந்த நாளுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. குற்ற உணர்ச்சியா, மசக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு பழைய சொத்துப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ‘தண்ணீர் வரி வசூல் அறை, பயன்பாட்டில் இல்லை’ என்ற வரி கண்ணில் பட்டது. பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தைப் பொது ஏலத்தில் வாடகைக்கு விடலாம். சட்டத்தில் இருக்கிறது. ஓடிப்போய்த் தலைவியிடம் சொன்னேன். அவர் உடனே ஏல அறிவிப்புக்குக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா காட்டுப்பாக்கத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். ஏலத்துக்கு வரச் சொன்னதும், “நான் வர்ல” என்றார். ஆறு வருஷமாக ஆபீஸ் வளாகத்தில் உட்கார்ந்தவர், ஒரு தடவைகூட ஆபீஸ் படி ஏறியதில்லையாம். ஏறினால் யாராவது விரட்டிவிடுவார்கள் என்று வெளியிலேயே நின்றுகொள்வாராம். படியிலேயே நின்று கேளுங்கள், நான் உள்ளே எழுதிக்கொள்கிறேன் என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த உரிமப் படிவத்தை அங்கேயே நிரப்பினோம். ‘தொழிலால் பொதுமக்களுக்கு ஏற்படக்கூடிய தொல்லைகள்’ என்று ஒரு கட்டம். அதைப் படித்துக் காட்டினேன்.

அக்கா கொஞ்சம் யோசித்து, “நெறைய துன்னா வயிறு ஊதிக்கும். போட்டுக்கோ” என்றார்.

நான் ‘இல்லை’ என்று போட்டேன்.

ஏலத்தன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஜெராக்ஸ் கடை வைக்க, ஒருவர் பான் கடை வைக்க, மூன்றாமவர் எதற்கென்று தெரியாது. மூவரும் அறையைப் பார்க்கப் போனார்கள். வாசலை அடைத்துக்கொண்டு பச்சை ரோலர் நின்றது. ரோலர் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்று மேலாளர் சொன்னதும், சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். படியில் நின்ற அக்கா ஒருவர்தான் கேட்டார். அவருக்கே முடிந்தது.

ஆனால் மேலாளர் விடவில்லை. கதவு முழுசாகத் திறக்காத அறையை வாடகைக்கு விட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார். குழு நேரில் வந்து பார்வையிட வேண்டும் என்றார். குழு வந்தது. ரோலருக்கும் கதவுக்கும் நடுவில் ஓரடி இடைவெளி. தலைவி ஒருக்களித்து உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்ததால் வெளியிலேயே நின்றேன். ஆறாவது வார்டு உறுப்பினர், போக முடியும் என்று நிரூபித்தே தீருவது என்று நுழைந்தார். பாதி போனார். பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பியூன் முட்டி வலியை மறந்து ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தார். தலைவியின் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னொரு கையைப் பிடித்தார். இழுத்தார்கள். குழு வருகிறதென்று கதவுப் பக்கம் மறுபடி அடித்த பச்சைப் பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை என்பது அவர் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. வேட்டியைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஒரு நாள்தான் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது.

உள்ளேயிருந்து தலைவியின் குரல் கேட்டது. “இந்தப் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை என்ன இருக்கு?”

ரோடு இருந்தது. பஸ் ஸ்டாப் இருந்தது. எட்டு வருஷமாக எல்லோரும் ரோலரை நகர்த்துவதைப் பற்றியே யோசித்திருக்கிறோம். சுவரில் இன்னொரு வாசல் வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவரை இடிக்க அனுமதி வாங்க ஆறு வாரம் ஆனது. இடித்துக் கதவு வைக்க அக்காவின் கொழுந்தனாரான கொத்தனாருக்கு அரை நாள் ஆனது.

கடை திறந்த அன்று தலைவியின் கணவருக்குத்தான் முதல் பஜ்ஜி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் வர ஆரம்பித்தார்கள். நான் சுற்றிக்கொண்டு ரோடு பக்கம் போக வேண்டாம் என்று, பழைய கதவு இடுக்கு வழியாக ரோலருக்கு மேலே கை நீட்டி எனக்கு மட்டும் தட்டைக் கொடுப்பார் அக்கா.

இதற்குள் முதலாளி வந்து சேர்ந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். குழு அவரை இடம் பார்க்க அழைத்துப் போனது. அந்த வருஷம் ஏரி நிரம்பி, உபரி நீர் எல்லாம் அந்தக் காலி நிலத்தில்தான் தேங்கியிருந்தது. காய்ந்துவிட்டது என்று ஆறாவது வார்டு உறுப்பினர் சத்தியம் செய்திருந்தார். பத்தடி வைப்பதற்குள் முதலாளியின் ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. அது வரவில்லை. ஒரு காலில் ஷூவும் மறு காலில் சேறுமாக அவரைத் திருப்பி அழைத்துவந்தோம். யாருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. காலைக் கழுவிக்கொள்ள அக்கா ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து, கூடவே ஒரு தட்டு வடையும் வைத்தார்.

முதலாளி முதல் வடையை மரியாதைக்குத் தின்றார். மற்ற ஐந்தையும் அப்படித் தின்றதாகச் சொல்ல முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு, தன் ஆலையில் சாயங்கால ஷிப்டுக்குப் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டதாகவும், ஆட்கள் தினமும் சண்டை போடுவதாகவும், தினம் வடையும் சுண்டலும் அனுப்ப முடியுமா என்றும் அக்காவிடமே கேட்டார். சம்மதம் சொல்லுங்கள் என்று ஆறாவது வார்டு உறுப்பினர் பின்னாலிருந்து கண்ணால் ஜாடை காட்டினார்.

அக்கா அவசரப்படவில்லை. “நான் கூடைய தூக்கிகினு பஸ்ஸுல வர மாட்டேன் நைனா. வண்டி அனுப்பு. எண்ணெ நான் சொல்றதுதான்,” என்றார்.

முதலாளி சரி என்றார். மறுவாரத்திலிருந்து ஒரு டெம்போ வந்தது. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் அக்கா தன் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். வயல் வேலை போன பிறகு சித்தாள் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள். ஒரு மாதத்தில் அக்காவையும் சேர்த்து எட்டுப் பேர் ஆனார்கள். மாவாட்ட இரண்டு பேர், வெங்காயம் நறுக்க ஒருவர் என்று அவர் வேலை பிரித்த விதத்தை மேலாளர் பழைய கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆபீஸில் யாருக்கும் அப்படி வேலை பிரித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆலைக் கொட்டகை எங்கள் ஊருக்கு வரவில்லை. முதலாளி வேறெங்கோ மேட்டு நிலமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். ஆண்டறிக்கை எழுத வேண்டிய நேரம் வந்தபோது, தொழில் வளர்ச்சிக் குழுவின் பத்தியில் என்ன எழுதுவது என்று தலைவியிடம் கேட்டேன். நடந்ததை எழுது என்றார். ‘குழுவின் முயற்சியால் உள்ளூர்ப் பெண்கள் எட்டுப் பேருக்கு வேலை கிடைத்துள்ளது’ என்று எழுதினேன். ஆறாவது வார்டு உறுப்பினருக்கு அது பற்றவில்லை. என்ன தொழில் என்று போட வேண்டாமா என்று கேட்டு, ‘உணவு உற்பத்தித் தொழிற்கூடம்’ என்று அவரே சொல்லிச் சேர்க்கவைத்தார். பொய் என்று சொல்ல முடியாது. உணவு, உற்பத்தி, கூடம் மூன்றும் இருந்தன.

அந்த வரியைப் படித்துவிட்டு மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். நான் பிரசவ விடுப்பில் போக இரண்டு நாள் இருந்தது. தொழிற்கூடத்தைக் காட்டுங்கள் என்றார். மேலாளர் வியர்த்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அதிகாரி ரோட்டில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், புகைபோக்கி எங்கே என்று கேட்டார். உள்ளே எட்டுப் பெண்கள் டெம்போவுக்காக மூச்சுவிடாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்து உள்ளே போனார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து ஒவ்வொருவரிடமும் முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். இந்த ஊரில் அறிக்கையில் எழுதியிருப்பது உண்மையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார். அதிகாரி, அக்கா வைத்த தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அவர் போனதும் யார் அது என்று அக்கா கேட்டார். பெரிய அதிகாரி என்றேன்.

“ஒண்ணுக்கு மேல துன்ல. ஒடம்பு சரியில்லியா அந்தாளுக்கு?”

மூன்று மாதம் கழித்து, மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பினேன். கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். இன்னொரு ஆலைக்கும் டெம்போ போய்க்கொண்டிருந்தது. அக்கா ஆபீஸ் படியேறி நேராக என் மேஜைக்கு வந்து, தண்ணீர்க் குழாய் வேண்டும், எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார். மாடியில் தொழில் வளர்ச்சிக் குழு கூடியிருந்தது. ஆறாவது வார்டு உறுப்பினர் கப்பல் கட்டும் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடல் எங்கே இருக்கிறது என்று தலைவி கேட்டது கீழே வரைக்கும் கேட்டது.